வாயில் வைக்கும் உலோகம் எதுவென்று கேட்போம்

மண்வெட்டி வாங்கப் போகும் ஒரு கமக்காரரைக் கவனித்துப் பாருங்கள். அலகைத் தட்டி ஓசை கேட்பார். விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். எந்த நாட்டு உருக்கு என்று கடைக்காரரைக் கேட்பார். மீள்குடியேற்றத்தின்போது உதவியாகக் கிடைத்த கருவிகளைக்கூட எம்மக்கள் அப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள். “இது ஒரு மாரிக்கும் தாங்காது, சுவாமி” என்று ஒரு பெரியவர் எம்மிடம் சொன்னார். அவர் சொன்னபடியே அது நடந்தது.

அதே மனிதர் பல் கட்டுவிக்கப் போகும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றைத்தானும் கேட்பதில்லை. மண்வெட்டி தோட்டத்தில் கிடக்கும் பொருள். உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். கட்டுப்பல்லோ பத்து, இருபது ஆண்டுகள் உமிழ்நீரில் ஊறிக் கிடக்கும். அதிலுள்ள உலோகம் கரைந்தால், கரைந்தது எமது உடலுக்குள்ளேயே போகும். இவ்வளவு நெருக்கமாக எம்மோடு வாழப்போகும் ஒரு பொருளை, அதன் பெயர்கூடத் தெரியாமல் ஏற்றுக்கொள்வது முறையா? எந்த உலோகம் என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதை எழுதிக் கொடுப்பது பல் கட்டுபவரின் கடமை. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே.

முகாம் வாழ்வும் பல்லும்

1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசல்களையும் செம்பாட்டுத் தோட்டங்களையும் விட்டு வெளியேறினார்கள். 1995 ஐப்பசி 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. பின்னர் நலன்புரி நிலையங்கள், உறவினர் வீடுகள், கோவில் மண்டபங்கள் என்று ஆண்டுகள் கழிந்தன. காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது சிலர் திரும்பினார்கள். திரும்பக் கிடைக்காத காணிகளுக்காகக் காத்திருந்தே கண்மூடியவர்களும் உண்டு.

அந்த ஆண்டுகளில் பல்வலி ஒரு நோயாகவே கணக்கிடப்படவில்லை. காய்ச்சலுக்கு மருந்து தேடுவதே பெரும்பாடாயிருந்த இடத்தில், சொத்தைப் பல்லை அடைத்துக் காப்பாற்ற யாரால் முடியும்? வலி தாங்கமுடியாத கட்டத்தில் பிடுங்குவதே வைத்தியமாயிற்று. பசியை அடக்க நாளுக்கு நாலு தடவை சீனி போட்ட பிளேன்ரீ குடித்தோம். கவலையை மறக்கச் சுருட்டும் வெற்றிலையும் துணையாயின. புகையிலை முரசு நோயை வளர்த்துப் பல்லை ஆட்டங்காண வைக்கும் என்பது, அதைப் பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த எமக்கும் தெரிந்த உண்மைதான். இன்று எமது பங்குகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் வாயைப் பார்த்தால், இடம்பெயர்ந்த வரலாற்றின் ஒரு பக்கம் அங்கே இடைவெளிகளாக இருப்பதைக் காணலாம்.

ஊர் திரும்பிய பின்னர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், அல்லது வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பியதும், பலரும் பல் கட்டுவிக்க விரும்புகிறார்கள். அது ஆடம்பரமல்ல. மென்று சாப்பிடுவதும், சபையில் வாய்திறந்து பேசுவதும், பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதும் மனித மாண்புக்குரியவை. ‘பல் போனால் சொல் போச்சு’ என்று எம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

எமக்குத் தெரிந்த ஒரு தாய் இப்படித்தான் முன்பற்கள் மூன்றுக்கு மஞ்சள் நிற உறை போடுவித்தார். “தங்கம் மாதிரித்தான், விலை குறைவு” என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இரண்டு வருடத்துக்குள் உறைகள் கறுத்தன. முரசு வீங்கி இரத்தம் கசிந்தது. எதைச் சாப்பிட்டாலும் செப்புக்காசை நாக்கில் வைத்த ருசி. பிறகு வேறோர் இடத்தில் அவற்றைக் கழற்றியபோது உட்புறம் பச்சை பிடித்திருந்தது. செப்பு மிகுந்த கலப்புலோகமாக இருக்கலாம் என்றார் கழற்றிய வைத்தியர். உறுதியாகச் சொல்ல அவராலும் முடியவில்லை. ஏனெனில் எழுத்தில் எதுவுமே இருக்கவில்லை. அந்தத் தாய் காசையும் இழந்தார், இருந்த பல்லையும் இழந்தார். யாரிடம் முறையிடுவது என்றும் தெரியவில்லை.

எமது அடுக்களைக்குத் தெரிந்த விஞ்ஞானம்

இந்தத் தாயின் வாயில் நடந்தது புதுமையான ஒன்றல்ல. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்கறி வைக்கக்கூடாது என்று எமது பாட்டிமாருக்குத் தெரியும். புளிப்பும் உப்பும் செம்பைத் தின்னும், களிம்பு ஏறும். கடற்கரையோரக் கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாய், உள்ளூர்க் கிணற்றில் இருப்பதைவிட விரைவில் உக்கும் என்பதும் கமக்காரருக்குத் தெரியும். எமது செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த ஒட்சைட்டின் நிறந்தான். மண்வெட்டியில் பிடிக்கும் துருவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

வாய் என்பது ஒரு சிறிய உப்புநீர்க் கிணறு. உமிழ்நீரில் உப்புக்கள் உண்டு. வெப்பம் எப்போதும் 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். சீனி தின்றதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. தேசிக்காய், புளி, வினாகிரி, சோடா எல்லாம் தத்தம் அமிலத்தையும் கொண்டு வருகின்றன. உப்பு, புளிப்பு, ஈரம், சூடு ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில் எந்த உலோகமும் சோதிக்கப்படும்.

இன்னுமொரு சோதனையும் உண்டு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகும். 1800இல் வோல்ற்றா என்ற இத்தாலிய விஞ்ஞானி செய்துகாட்டிய மின்கலமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அத்தகைய கலத்தில் பலவீனமான உலோகம் கரையும், பலமானது தப்பிக்கொள்ளும். பித்தளை வால்வு பூட்டிய இரும்புக் குழாய், பூட்டிய இடத்திலேயே முதலில் உக்குவதை நீர்ப்பம்பி திருத்துபவர் காட்டுவார். வாயிலும் அப்படியே. ஒரு பல்லில் இரசக்கலவை அடைப்பும் அதைத் தொடும் பல்லில் தங்க உறையும் இருந்தால், சிலருக்குச் சுள்ளென்று மின்தாக்கம்போல் ஒரு கூச்சம் வரும். அடைப்பும் விரைவாக அரிபடும்.

அப்படியானால் அரிபடாத உலோகமே இல்லையா? உண்டு. அவை இரண்டு வகை. ஒன்று, பொன், பிளாற்றினம், பலேடியம் போன்ற உயர்குல உலோகங்கள். இவை இயல்பிலேயே ஒட்சிசனோடு இலகுவில் சேராதவை. மற்றையது, தம்மீது தாமே ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும் உலோகங்கள். குரோமியமும் தைத்தேனியமும் இவ்வகையின. டைட்டேனியம் என்று பலரும் சொல்வது இந்தத் தைத்தேனியத்தையே. காற்றுப் பட்டதும் இவற்றின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகிறது. அதன் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். ஆனால் அந்தப் படலம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறுபட்டால் மீண்டும் உண்டாகிறது. இரும்பின் துரு உதிர்ந்து உள்ளே வழிவிடும். குரோமியத்தின் படலமோ கதவடைத்துக் காவல் நிற்கும். எமது எவர்சில்வர் சட்டி துருப்பிடிக்காததன் இரகசியம் இதுவே. உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 11 வீதத்துக்கு மேல் சேர்ந்தால்தான் இந்தக் காவல் கிடைக்கும்.

பல் கட்டும் உலோகங்கள்

நீண்டகாலம் பல் உறைக்குப் பொன் கலந்த உலோகமே முதன்மையாக இருந்தது. 1971இல் அமெரிக்கா டொலருக்கும் பொன்னுக்கும் இருந்த கட்டை அவிழ்த்தது. அதன்பின் பொன்விலை ஏறியது. பல் ஆய்வுகூடங்கள் மலிவான உலோகங்களைத் தேடின. நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலப்புலோகம் உலகமெங்கும் பரவியது. பகுதிக் கட்டுப்பல்லின் உலோகச் சட்டத்துக்குக் கோபாற்றும் குரோமியமும் சேர்ந்த கலப்புலோகம் 1930களிலிருந்தே வழக்கில் உண்டு. தைத்தேனியத்தைச் சுவீடன் நாட்டு வைத்தியர் பிரனமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடை எலும்பில் திருகாணியாகப் பதித்து அதன்மேல் பல் கட்டினார்.

மலிவு உலோகம் என்றால் கெட்ட உலோகம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கோபாற்று-குரோமியக் கலப்பில் குரோமியம் 25 முதல் 30 வீதம் வரை உண்டு. ஒழுங்காக வார்த்து மெருகிட்டால் அது பல ஆண்டுகள் நின்று உழைக்கும். நிக்கல்-குரோமியக் கலப்பில்தான் கவனம் தேவை. குரோமியம் 20 வீதத்தை அண்டியும் அதற்கு மேலும் இருந்து, மொலிப்தினம் என்ற உலோகமும் சேர்ந்திருந்தால் அது அரிப்பை நன்கு தாங்கும். குரோமியம் குறைந்து, வார்ப்பதை இலகுவாக்கப் பெரிலியம் சேர்க்கப்பட்டிருந்தால் அரிபடும் தன்மை கூடும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. விலையில் வேறுபாடு சிறிது. வாய்க்குள் அவற்றின் வாழ்வு வேறு. செப்பு மிகுந்த மஞ்சள் கலப்புலோகங்களோ மிக விரைவில் கறுப்பவை. மஞ்சள் நிறத்தைக் கண்டு தங்கம் என்று ஏமாறுவதைவிட, நல்ல வெள்ளை உலோகத்தை அறிந்து வாங்குவது மேல்.

உலோகமே இல்லாத வழியும் உண்டு. அக்கிரிலிக் என்ற இளஞ்சிவப்புப் பிளாஸ்ரிக் தட்டில் பல் கட்டுவது 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. வசதி குறைந்தோருக்கு இன்றும் அதுவே கைகொடுக்கிறது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் கம்பி பெரும்பாலும் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட எவர்சில்வர் வகை. கம்பி உடைந்தால் பல் வைத்தியரிடமே கொண்டு செல்லவேண்டும். பக்கத்து நகைப்பட்டறையில் பொடிவைத்து ஒட்டுவித்துக்கொண்டு வருவது ஆபத்து. பற்றவைக்கும் பொடியில் செப்பு, நாகம், சிலவேளை நச்சுத்தன்மையுள்ள கட்மியம்கூட இருக்கும். ஒட்டிய இடமே முதலில் அரிபடும்.

உலகம் வகுத்த அளவுகோல்

கட்டுப்பல் உலோகம் எவ்வளவு அரிபடலாம் என்பதற்குச் சர்வதேச நியம நிறுவனம் ஒரு சோதனை வகுத்திருக்கிறது. அதன் 10271ஆம் இலக்க நியமத்தின்படி, உலோகத் துண்டை உப்பும் இலற்றிக்கமிலமும் கலந்த நீரில் 37 பாகைச் சூட்டில் ஏழு நாள் ஊறவைக்கிறார்கள். இலற்றிக்கமிலம் என்பது தயிரைப் புளிக்கவைக்கும் அமிலம். உப்பும் புளித்த தயிரும் கலந்த நீரில் ஊறவைப்பது போன்றதே இச்சோதனை. அந்த ஏழு நாளில் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலிருந்து கரையும் உலோகம் 200 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது 22674ஆம் இலக்க நியமம். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கட்மியமும் பெரிலியமும் 0.02 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நிக்கல் 0.1 வீதத்தைத் தாண்டினால் பொதியில் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

ஆகவே தகவல் இல்லாமல் இல்லை. உலோகக் கட்டி வந்த பெட்டியில் அது அச்சிடப்பட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து ஆய்வுகூடம், அங்கிருந்து பல் வைத்தியர், அவரிடமிருந்து நோயாளி என்று கைமாறும் வழியில் அந்தத் தகவல் தொலைந்துபோகிறது. கடைசிக் கை எங்களுடையது. அது வெறுங்கையாகவே இருக்கிறது.

நிக்கல் ஏன் முக்கியம்? கவரிங் தோடு போட்டால் காது சிவந்து நீர்வடியும் பெண்கள் எமது கிராமங்களில் பலர். அந்த ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல். அப்படிப்பட்டவரின் வாயில் நிக்கல் மிகுந்த உறையை வைத்தால் முரசும் கன்னமும் சினக்கக்கூடும். எல்லோருக்கும் அது நிகழும் என்றில்லை. ஆனால் “எனக்குக் கவரிங் ஒத்துக்கொள்வதில்லை” என்ற ஒரு வசனத்தைப் பல் வைத்தியரிடம் சொன்னால், அவர் வேறு உலோகத்தைத் தெரிவு செய்யலாம். இந்த ஒரு வசனத்தை எமது தாய்மாரும் பிள்ளைகளும் மறவாதிருக்க வேண்டும்.

நோயாளியைவிடக் கூடுதலான ஆபத்தில் இருப்பவர் பல் செய்யும் தொழிலாளி. உலோகத்தை உருக்கி, வார்த்து, அரம்போட்டு மெருகிடும்போது தூசி பறக்கிறது. பெரிலியம் கலந்த தூசி நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும். கோபாற்றுத் தூசியும் தீங்கானது. ஐரோப்பிய ஒன்றியம் கோபாற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் வரிசையில் சேர்த்து, 2021 ஐப்பசி முதல் அதை நடைமுறைப்படுத்தியது. எமது இளைஞர்கள் இத்தொழிலைக் கற்கும்போது, தூசி உறிஞ்சும் விசிறியும் முகமூடியும் கேட்டுப் பெறவேண்டும். உலோகத்தின் பெயரை அறிவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

எமது மணலும் எமது பல்லும்

உலோகத்தைப் பற்றிப் பேசும்போது எமது கரையோர மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் நீளும் கரையில் கருமணல் உண்டு. அதில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் என்னும் கனிமங்கள் இருக்கின்றன. முதல் இரண்டிலிருந்து தைத்தேனியம் எடுக்கலாம். சிர்க்கனிலிருந்து எடுக்கும் சிர்க்கோனியம், ஒட்சைட்டாகி வெண்பளிங்கு போன்ற உலோகமில்லாப் பல்லுறையாகிறது. 1957இல் நிறுவப்பட்ட அரச கூட்டுத்தாபனமும் அதன் வழிவந்த நிறுவனமும் இந்த மணலைப் பிரித்தெடுத்துக் கப்பலேற்றி வந்துள்ளன. உலகில் தோண்டப்படும் தைத்தேனியக் கனிமத்தின் மிகப்பெரும் பகுதி வெள்ளை வர்ணப்பூச்சுக்கே போகிறது. ஒரு சிறு பகுதியே உலோகமாகிறது. அதிலும் ஒரு துளிதான் தாடையில் திருகாணியாகி, பெரும்பணம் கொடுத்தால் மட்டும் எமக்குத் திரும்பி வருகிறது.

1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் தங்கள் வயல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய கரையின் மணல் இன்று எந்த நாட்டில் யாருடைய வாயில் பல்லாயிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. மணலை வைத்து நாமே உலோகம் உருக்குவோம் என்று வீறாப்புப் பேச நாம் வரவில்லை. அது பெரும் முதலும் பெரும் மின்சக்தியும் கேட்கும் தொழில். ஆனால் மூலப்பொருள் எம்மிடமிருந்து போகும்போதும் எம்மைக் கேட்பதில்லை, செய்பொருள் எம்மிடம் வரும்போதும் எமக்குச் சொல்வதில்லை என்றால், இரண்டு தடவையும் நாம் இருட்டிலேயே நிற்கிறோம் என்பதைக் காணத்தான் வேண்டும்.

எதிர்க்கேள்விகள்

“காணி இன்னும் முழுதாய் விடுபடவில்லை, விளைபொருளுக்கு விலையில்லை, பல்லுப் பற்றி ஏன் இந்தப் பேச்சு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெரிய உரிமைகளைக் கேட்கும் நா, சிறிய உரிமைகளைக் கேட்டே பழகுகிறது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரிசையில் நகர்வதையே நலன்புரி நிலையம் எமக்குப் பழக்கிவிட்டது. “இது என்ன?” என்று கேட்டால் அடுத்தமுறை கிடைக்காதோ என்ற அச்சம் இன்னும் எம்மிடையே இருக்கிறது. முகாமை விட்டு வந்து ஆண்டுகள் சென்றும் அந்த அச்சம் எம்மை விட்டுப் போகவில்லை. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட ‘பாச்செம் இன் தெறிஸ்’ என்ற சுற்றுமடலில் மருத்துவப் பராமரிப்பை மனிதரின் உரிமைகளுள் ஒன்றாக வைத்தார். உரிமை என்றால் அதில் அறிந்துகொள்ளும் உரிமையும் அடங்கும்.

“சனத்துக்கு இந்த வீதக்கணக்கெல்லாம் விளங்காது” என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. இதை நாம் ஏற்கமாட்டோம். யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதை எங்கள் கமக்காரர் பசளைப் பையில் பார்த்து அறிவார். எந்த மருந்தை எத்தனை லீற்றர் நீரில் கலப்பது என்று கணக்குப் பார்ப்பார். வெங்காயத்துக்கு விளங்குகின்ற வீதக்கணக்கு, வாய்க்கு விளங்காமல் போகுமா?

“நேரமில்லை, நோயாளர் கூட்டம் அதிகம்” என்று வைத்தியர்கள் சொல்வது உண்மையே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டோடு அவர்கள் பட்டபாட்டை நாமும் கண்டோம். ஆயினும் பெட்டியில் உள்ளதை ஓர் அட்டையில் பார்த்தெழுத இரண்டு நிமிடம் போதும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதும் அட்டையில் எழுதித்தருகிற நாடு இது.

செய்யக்கூடியவை

முதலாவது, பல் அட்டை. உறையோ சட்டமோ கட்டுப்பல்லோ பொருத்தும்போது, கலப்புலோகத்தின் பெயர், செய்த நிறுவனம், அதிலுள்ள முக்கிய உலோகங்களின் வீதம், நிக்கல் உண்டா இல்லையா, பொருத்திய திகதி, பொருத்தியவரின் கையொப்பம் ஆகியவற்றை எழுதிக் கேட்போம். நாளை வேறோர் ஊருக்கு இடம்பெயர நேர்ந்தாலும் அட்டை கூடவே வரும். அடுத்த வைத்தியர் எந்த உலோகத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்று அதைப் பார்த்து முடிவெடுப்பார்.

இரண்டாவது, இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரிடமே போவோம். மலிவாகச் செய்து தருவதாக வீடுதேடி வருபவரிடம் வாயைத் திறந்து கொடுக்கவேண்டாம்.

மூன்றாவது, அரசிடம் கேட்போம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பில் மருத்துவ சாதனங்களும் அடங்கும். பல் உலோகங்களும் அந்தக் கண்காணிப்புக்குள் ஒழுங்காக வரவேண்டும். நிக்கல், பெரிலியம் பற்றிய விபரம் தமிழிலும் சிங்களத்திலும் நோயாளிக்குக் கிடைக்கவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம்.

நான்காவது, கையிலுள்ளதைப் பேணுவோம். கட்டுப்பல்லை மென்மையான தூரிகையாலும் சவர்க்கார நீராலும் கழுவுங்கள். இரவில் கழற்றிச் சுத்தமான நீரில் போடுங்கள். உலோகச் சட்டமுள்ள பல்லைக் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் கரைத்த நீரில் ஊறவைக்காதீர்கள். குளோரின் அந்தக் குரோமியப் படலத்தைக் குலைத்து உலோகத்தைக் கறுக்கவைக்கும். தைத்தேனியம் பதித்தவர்கள், பல்லுக்குப் புளோரைட்டுக் களிம்பு பூச வரும் வைத்தியரிடம் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். அமிலம் கலந்த புளோரைட்டு அந்த உலோகத்தையும் தாக்கும். நாளாந்தம் பாவிக்கும் பற்பசைக்கு அஞ்சத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கும் பல்லைக் காப்பாற்றுவோம். ஆண்டவன் தந்த பல்லுக்கு நிகரான கலப்புலோகம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பல்நோயாளரின் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவின் திருநாள் மாசி 9இல் வருகிறது. அந்த நாளை ஒட்டி ஒவ்வொரு பங்கிலும், சமய வேறுபாடின்றி ஊரிலுள்ள எல்லாரையும் சேர்த்து, ஒரு பல் பரிசோதனை நாள் வைத்தாலென்ன? பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஒரு வைத்தியர், பெரியவர்களின் கட்டுப்பல்லுக்கு அட்டை எழுத ஓர் இளைஞர், ஒரு மேசை. இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை.

மூன்று உறைகளையும் இழந்த அந்தத் தாய் பின்னர் அக்கிரிலிக் தட்டில் பல் கட்டுவித்தார். இம்முறை கம்பி எதனால் ஆனது என்று கேட்டாராம். எழுதித் தரும்படியும் சொன்னாராம். வைத்தியர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். காணி உறுதியும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் அந்தத் துண்டையும் வைத்திருக்கிறார். எத்தனையோ இடப்பெயர்வுகளில் நெஞ்சோடு அணைத்துக் காத்த பை அது. உங்கள் பைக்குள்ளும் அப்படி ஒரு துண்டு இருக்கட்டும். அடுத்த முறை பல் வைத்தியரின் கதிரையில் அமரும்போது, வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இது என்ன உலோகம்?”